இரண்டாவது கியர்

ஆயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்குகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று வருடம் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கிடந்த வண்டியின் கியர்பாக்ஸில் ஆயில் இறங்காது, யோசிக்கும். யோசித்து ஒரு சொட்டு, அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை, அப்புறம் இன்னொரு சொட்டு. தகரத் தட்டில் விழும் சத்தம்கூட இல்லை, முன்பு விழுந்ததன் மேலேயே விழுந்து அமிழ்ந்துபோகிறது. கியர் ஆயிலுக்கென்று ஒரு வாடை உண்டு, பூண்டைப் பாதி வேகவைத்து மறந்துபோன மாதிரி. முப்பத்தோரு வருடமாக என் சட்டையில் இருப்பது அதுதான், ஆனாலும் இன்று வருவது என்னுடையதில்லை, யாரோ இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் திறந்த மாதிரி இந்தப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. மணி இரண்டே முக்கால். நாலரைக்கு ஜெயக்கொடி டீச்சர் வந்துவிடுவார். இது அவருடைய கணவர் ராஜாங்கத்தின் வண்டியிலிருந்து இறக்கிய கியர்பாக்ஸ். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், போடிமெட்டிலிருந்து தேனிக்கு இறங்கும்போது, பதினோராவது கொண்டை ஊசி வளைவில் வண்டி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போய் ஒரு மரத்தில் நின்றது. வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. பாருங்கள், இப்படிச் சொல்லத் தோன்றுகிறதே, அதுதான் என் கோளாறு: பயம் வந்தால் எனக்கு வாய் அழகாகப் பேசும். அதற்குச் சரியாக ஏழு நாள் முன்பு, இதே மேஜையில், இதே பெட்டியைப் பிரித்து மூடியவன் நான். அதன் பிறகு இதை யாரும் திறக்கவில்லை. நான் உள்ளே எதை வைத்தேனோ அது அப்படியே இருக்கிறது. நான் எதை வைக்கவில்லையோ அதுவும்.

டீச்சர் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் வந்தார், எட்டு மணிக்கு, கையில் சாப்பாட்டுப் பையோடு. கேஸ் முடிந்துவிட்டது, வண்டியை விட்டுவிட்டார்கள், இரும்புக்காரர் வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். இதைச் சொல்லத்தான் வந்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன், நினைக்க ஆசைப்பட்டேன். அவர் உட்காரவில்லை. "அண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னைக்கி வண்டி நியூட்ரல்ல இருந்துச்சுன்னு பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிட்டாருல்ல. அது அவராப் போட்டாரா, தானா வந்துச்சா? பிரிச்சுப் பாத்தா தெரியுமா?" தெரியலாம் டீச்சர் என்றேன். தெரியலாம் என்பது எவ்வளவு வசதியான சொல், எந்தப் பக்கமும் சாயலாம். இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் எல்லாருக்கும் பதில் தெரியும். மெட்டிலிருந்து இறங்குகிற டிரைவர்களில் பாதிப் பேர் நியூட்ரலில் போட்டு வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டுதான் வருவார்கள், டீசல் மிச்சமாகிறது என்று. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், இஞ்சின் பிடித்து நிறுத்துவதைப் பிரேக் ஒன்றே செய்ய முடியாது, நாலு வளைவுக்குள் சூடேறிக் கையை விரித்துவிடும் என்று. அவர்கள் தலையாட்டிவிட்டு அப்படியேதான் இறங்குவார்கள். ராஜாங்கமும் அப்படித்தான் செய்திருப்பார் என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள், பந்தலுக்கு அந்தப் பக்கம், கஞ்சப்பய என்றுகூட ஒருத்தர் சொன்னார், என் காதில் விழுந்தது, நான் மறுக்கவில்லை. நான் மறுக்கவில்லை. "கஞ்சம்னு சொன்னாக்கூடப் பரவால்லண்ணே," என்றார் டீச்சர். "அந்த வாரம் எங்களுக்குள்ள ஒரு சண்டை. எல்லா வீட்லயும் வர்ற சண்டைதான். பொண்ணு அபிராமி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா. அவ மனசுல என்ன இருக்கு தெரியுமா? அப்பா வேணும்னே கியரை எடுத்துட்டாருன்னு. மூணு வருசத்துல ஒரே ஒரு தடவதான் வாயவிட்டுக் கேட்டா, அம்மா நீ அன்னைக்கி அப்படிப் பேசாம இருந்திருந்தான்னு. அப்புறம் கேக்கவே இல்ல. காலேஜ் ஹாஸ்டல்லயே இருந்துக்கறா. லீவுக்கும் வர்றதில்ல." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நீங்கதான் அதைக் கடைசியாத் தொட்டவரு. நீங்க சொன்னா நான் நம்புவேன். அவளும் நம்புவா." போய்விட்டார். நம்புவார்களாம். அவராகப் போட்டிருந்தால் அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஆயுசுக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப்போவதில்லை. தானாக வந்திருந்தால் அதை வரவைத்தவன் நான். ஒரு பெட்டிக்குள் இரண்டு பதில்களையும் பூட்டி வைத்துவிட்டு எதைத் திறக்கட்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. இன்னொரு சொட்டு.

குண்டு. நான் மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருப்பது ஒரு குண்டுக்காக. பட்டாணி அளவு இரும்புக் குண்டு, அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங். கியரை மாற்றும்போது உள்ளே ஒரு கம்பி நகர்கிறது, அந்தக் கம்பியில் ஒரு பள்ளம், குண்டு அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஸ்பிரிங் அதை முதுகில் கைவைத்து அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான், போட்ட கியர் போட்ட இடத்தில் நிற்பதற்குக் காரணம் அது. மூன்று கம்பி, மூன்று குண்டு, மூன்று ஸ்பிரிங். குண்டு இல்லையென்றால் கியர் விழும், ஓடும், ஆனால் பிடிப்பு இருக்காது. ஏதாவது ஒரு குலுக்கலில் கழன்று தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். எங்கள் பட்டறையில் அதைத் துள்ளுவது என்போம். அன்றைக்கு நடுக் கம்பிக்கு, அதுதான் முதல் கியரும் இரண்டாவதும், குண்டை வைக்கப் போகும்போது விரலில் இருந்த கிரீஸ் வழுக்கி அது கீழே விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது, டிக், டிக்டிக், அப்புறம் உருண்டது, அதே நேரம் கரண்ட் போனது. இதை நான் கதையாக்கவில்லை, சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போவது அந்த வருடம் வழக்கம். டார்ச் அடித்து, காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்து, ஒரு குண்டை எடுத்தேன். எடுத்தேன், துடைத்தேன், கிரீஸ் தடவினேன், ஓட்டைக்குள் வைத்தேன், ஸ்பிரிங், மேலே மூடி போல்ட்டு. இப்போதும் விரல் நுனியில் அந்தக் குளிர்ச்சி தெரிகிறது. ஆனால் இந்த விரல் முப்பத்தோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் குண்டு வைத்திருக்கிறது. இந்தக் குளிர்ச்சி அந்தச் சனிக்கிழமையுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி? கை நினைவு வைத்துக்கொள்ளும் என்பார்கள். கை கூட்டிப் பெருக்கித்தான் வைத்துக்கொள்ளும், தேதி போடாது. அந்த வாரம் வியாழக்கிழமை கம்ப்ரசருக்கு அடியில் கூட்டும்போது ஒரு குண்டு கிடைத்தது. அதே அளவு. இந்தப் பெட்டியினுடையதாக இருக்கலாம், வேறு எதனுடையதாகவும் இருக்கலாம். போன் போட்டிருக்கலாம், ராஜாங்கம் சார், கீழே வரும்போது மெதுவா வாங்க, ஒரு தடவை பாத்துடலாம் என்று சொல்லியிருக்கலாம், மேலே அவர் வேலை பார்க்கும் ஏலக்காய் எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், முயன்று பார்த்துக் கிடைக்காமல் போவது வேறு, முயலாமலே கிடைக்காது என்று சொல்லிக்கொள்வது வேறு. சனிக்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது. அன்றையிலிருந்து எனக்கு இடது பக்கத்தில் ஆள் நிற்கிறது. பேய் என்று சொல்லமாட்டேன், அந்தச் சொல்லுக்குக் காலும் கூந்தலும் என்று நிறையச் சாமான் வேண்டும், இது அவ்வளவு ஆடம்பரம் இல்லாதது. ஏதாவது ஒரு கியரைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்க்கும்போது இடது பக்கம் யாரோ நெருங்கி நின்று வெளிச்சத்தை மறைப்பார்கள். அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளுங்க என்பேன். வெளிச்சம் வந்துவிடும்.

"யாரைத் தள்ளச் சொல்றீரு புலவரே? நான் இங்கல்ல இருக்கேன்." சிக்கந்தர் பாய். பட்டறையில் பாதி என்னுடையது, பாதி பாயுடையது; நான் உள்ளே இருப்பதைப் பார்ப்பேன், அவர் வெளியே நசுங்கியதைத் தட்டி எடுப்பார், டிங்கர் வேலையில் உத்தமபாளையம் வரைக்கும் அவருக்குப் பேர். நூலகத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் ஒரே மெக்கானிக் என்பதால் என்னைப் புலவர் ஆக்கிவிட்டார். சத்தமாகவா சொன்னேன்? சொல்லியிருக்கிறேன். "ஆயில் வடியறத வேடிக்கை பாத்துக்கிட்டு ஒரு மணி நேரமா உக்காந்திருக்கீரு. சைடு போல்ட்ட கழட்டுனா குண்டு இருக்கா இல்லையான்னு மூணு நிமிசத்துல தெரிஞ்சுபோகும். என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு?" முதல்ல ஆயிலை வடிக்கணும் பாய், புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு என்றேன். "புஸ்தகத்துல போட்டிருக்கு. பொண்டாட்டி செத்தாலும் புஸ்தகத்தப் பாத்துத்தான் அழுவீரு." சுத்தியல் மறுபடியும் ஆரம்பித்தது. பாய்க்குக் குண்டு விஷயம் தெரியும், ஒரு நாள் சொல்லிவிட்டேன், அவர் கேட்டுவிட்டு, அல்லாவுக்குத் தெரியும், நமக்கு டீயச் சொல்லு என்றார், அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் சொல்வது சரிதான். புத்தகத்தில் முதல் படி ஆயிலை வடித்தல், இரண்டாவது வெளிப்புறத்தைக் கழுவுதல், மூன்றாவது மூடி போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்துதல். பக்கவாட்டுப் போல்ட்டு ஏழாவதாக வருகிறது, ஏழாவது வருவதற்குள் யாராவது வந்துவிட மாட்டார்களா, மழை வந்துவிடாதா, எனக்கு நெஞ்சு வலிக்காதா. வரிசை தெரிந்தவனுக்குத் தள்ளிப்போடுவது ரொம்பச் சுலபம். கழுவினேன். டீசலை ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தேன், மண், வேப்பம்பூ காய்ந்தது, ஒரு இடத்தில் குளவி கட்டிய மண்கூடு. உள்ளே இருந்தவை எங்கோ போய்விட்டன. நியூட்ரலுக்குத் தமிழில் என்ன என்று ஒரு தடவை அகராதி புரட்டினேன். நடுநிலை என்று போட்டிருந்தது. நீதிபதிகளும் பத்திரிகைகளும் நாங்கள் அங்கேதான் இருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடம். சமதளத்தில் சரிதான். இறக்கத்தில் அந்த நிலையில் இருப்பவன் போய்க்கொண்டே இருப்பான். பதினோராவது வளைவில் நான் போய் நின்று பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை, பஸ்ஸில் போய் இறங்கி. புதிதாகக் கட்டிய சுவர் பழைய சுவரைவிட வெள்ளையாக இருந்தது, அதற்குக் கீழே ஏலச் செடியின் வாடை, நிழல், அவ்வளவு அழகான இடம், யாரோ சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று இருபது. ஏழாவது படி. நடுப் போல்ட்டு. ஸ்பானரை வைத்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது, நான் இறுக்கியபடி. ஒரு சுற்று, இரண்டு, நாலு, விரலாலேயே கழன்றது. குனிந்து பார்த்தேன், கருப்பு. டார்ச் அடித்தேன், கருப்புக்குள் கருப்பு. காந்தத்தை உள்ளே விட்டேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன், மூடியதும் வளைவு வந்தது, வெள்ளைச் சுவர் வந்தது, பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்று மறுக்காமல் இருந்தவன் வந்தான். அப்புறம் காந்தத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், கெட்டிப்பட்ட ஆயிலைத் தாண்டி. டக். வெளியே இழுத்தால் ஸ்பிரிங். அதன் காலைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி அதற்குப் பின்னால் குண்டு. என் குண்டு. வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேன்! அந்தக் குளிர்ச்சி அந்தச் சனிக்கிழமையுடையதுதான், விரல் பொய் சொல்லவில்லை, நான் வைத்த குண்டு மூன்று வருடமாக வைத்த இடத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கம்ப்ரசருக்கு அடியில் கிடந்தது எந்த வண்டியினுடைய அநாதையோ. நான் சிரித்திருக்க வேண்டும், ஏதோ முணுமுணுத்திருக்கவும் வேண்டும், ஏனென்றால் சுத்தியல் நின்றது. "இருந்துச்சா?" "இருந்துச்சு பாய்!" "மாஷா அல்லா. மூணு வருசமா மூஞ்சிய இஞ்சி தின்ன மாதிரி வெச்சிருந்தீரே, இந்தக் குண்டுக்காகவா! சாயங்காலம் பரோட்டா உம்ம செலவு." சரி என்றேன். குண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். எத்தனை நொடி இருக்கும் அந்தச் சந்தோஷம்? பாயின் சுத்தியல் மறுபடி மூன்று தடவை விழுகிற நேரம். நாலாவது அடியில் புரிந்தது: குண்டு இருக்கிறது என்றால் ராஜாங்கம் தானே கியரை எடுத்திருக்கிறார். நான் இத்தனை நேரம் கொண்டாடிக்கொண்டிருந்தது அதைத்தான். நாலரைக்கு அந்த அம்மா பையைக் கையில் மாற்றிக்கொண்டு நிற்கும்போது நான் சொல்ல வேண்டியது அதைத்தான். அவராப் போட்டிருக்காரு டீச்சர், எல்லாம் ஒழுங்கா இருக்கு. என்ன ஒழுங்கு. வேறு மாதிரியும் சொல்லலாம். குண்டை மேஜைக்கு அடியில் எறிந்துவிட்டு, என் தப்பு டீச்சர், நான்தான் வைக்க மறந்துட்டேன் என்று சொல்லலாம். செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்வது எவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்தது. உள்ளுக்குள் பூ மாலையோடு நின்றுகொண்டு வெளியே தலையைக் குனியலாம். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்துப்போனது, பாதி வசனம் தயாராகிவிட்டது, அதனாலேயே அதை நம்பவில்லை. புத்தகத்தில் எட்டாவது படி இருக்கிறது. மூடியைத் தூக்குதல். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், கேள்விக்கு விடை கிடைத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். ஆனால் எட்டு இருக்கும்போது ஏழில் நிறுத்த என்னால் முடியாது, அது நேர்மை இல்லை, வெறும் பழக்கம்.

மூடியைத் தூக்கினேன். கம்பிகள் நியூட்ரலில்தான் நிற்கின்றன, இன்ஸ்பெக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மெயின் ஷாஃப்டை எடுத்து மேஜையில் வைத்து இரண்டாவது கியரின் மேல் வந்து உட்காரும் வளையத்தை நகர்த்தினேன். கியரின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும், வளையம் வந்து இவற்றைக் கவ்வினால்தான் கியர் விழுந்ததாகக் கணக்கு. துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பிடித்தேன். இடது பக்கம் வெளிச்சம் மறைந்தது. கொஞ்சம் தள்ளுங்க என்று வாயெடுத்தேன், சொல்லவில்லை. சொல்லவில்லை, ஏனென்றால் இந்தத் தடவை அது யார் என்று தெரிந்துவிட்டது, வேறு யாராக இருக்க முடியும், அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றார், எஸ்டேட் சூப்பர்வைசருக்கான முழங்கை வரை மடித்த காக்கிச் சட்டையோடு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி, மூச்சில் ஏலக்காய் மணக்க. குண்டு விழுவதற்கு முன்னால். கரண்ட் போவதற்கு முன்னால். இதே கியரை இதே மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பற்களின் முனை தேய்ந்திருந்தது. எல்லாம் ஒரே மாதிரி தேயாது. ஏற்றத்தில் பல்லின் ஒரு பக்கம் பாரத்தைத் தாங்கும், இறக்கத்தில் மறுபக்கம் தாங்கும். தேய்ந்திருந்தது இறக்கத்துப் பக்கம். கத்தி முனைபோல் நிற்க வேண்டியது சோப்புத் துண்டின் மூலைபோல் மழுங்கி, வளையத்தைக் கவ்வாமல் வெளியே தள்ளுகிற சாய்வாக ஆகியிருந்தது. குண்டு இருந்தாலும் தள்ளும். "இது என்னண்ணே, பல்லு மொண்ணையா இருக்கு?" என்று அவர் கேட்டார். ஆமா சார், மாத்தணும், மதுரையிலேர்ந்து வரணும், செவ்வாக்கெழம ஆகும் என்றேன். "அப்ப வண்டிய விட்டுட்டு நான் பஸ்ல போயிரவா? திங்கக்கெழம காய் எடுப்பு ஆரம்பம், நான் மேல இருந்தாகணும்." அவரே கேட்டார். பஸ்ஸில் போய்விடவா என்று அவரே கேட்டார். நூலகத்தில் எனக்காக ஒரு புத்தகம் எடுத்து வைத்திருந்தார்கள், ஊர்ப்பெயர்கள் எப்படி வந்தன என்று தடியாக ஒரு புத்தகம், சனிக்கிழமை ஒரு மணிக்குள் போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வண்டி நின்றால் பட்டறை வாசல் அடைபடும், சாமானை எல்லாம் பெட்டி பெட்டியாகப் பிரித்து எடுத்து வைக்க வேண்டும், பூட்ட இரண்டு மணியாகிவிடும். எதுக்கு சார், ஓடும் என்றேன். அடுத்த வாரம் வரும்போது மாத்திக்கலாம். பொய் இல்லை, இதைவிட மொண்ணையான பற்களோடு வருடக்கணக்கில் ஓடிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் தேனிக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே சமதளத்தில் ஓடியவை. நான் ஓட்டிப் பார்த்ததும் பெரியகுளம் ரோட்டில்தான், துள்ளவே இல்லை, துள்ளாது. மேட்டில் ஏறும்போதும் துள்ளாது. இறங்கும்போதுதான். கழன்ற கியரை இறக்கத்தில் திரும்பப் போடவும் முடியாது, வண்டி வேகமெடுத்துவிட்டால் கரகரவென்று கத்தும், விழாது. இப்போது வெளிச்சத்தில் அன்றைக்கு இல்லாத ஒன்றும் தெரிகிறது: மழுங்கிய முனைகளின் மேல் புதிதாகச் சிதைந்த வெட்டுகள், ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு பல்லில், பளபளவென்று, வளையம் கழன்று கழன்று அடித்தது, யாரோ திரும்பத் திரும்ப உள்ளே தள்ளியது. மூன்று வருடம். மூன்று வருடமாக நான் தப்பான இடத்தில் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். கை நழுவவிட்ட குண்டை நினைத்து நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன், அது விபத்து, கரண்ட் போனது, யாருக்கும் நடக்கும். அந்த நடுக்கத்துக்குப் பின்னால் இதைப் பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்தேன், அவரும் பார்த்தார், தெரிந்தே அனுப்பினேன். அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு ஊர்ப் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை.

டீச்சர் நாலு இருபதுக்கே வந்துவிட்டார். வேகமாக நடந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது, கையில் சாக்பீஸ் தூள். பாய் சுத்தியலை வைத்துவிட்டு, "வாங்க டீச்சர், உக்காருங்க," என்று ஸ்டூலைத் தட்டினார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பரோட்டாவைப் பற்றிச் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கார் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். டீச்சர் உட்காரவில்லை. "பாத்தீங்களாண்ணே?" பாத்துட்டேன் என்றேன். கியர் கையில்தான் இருந்தது, கீழே வைக்க மறந்திருந்தேன். "அவராப் போட்டாரா, தானா வந்துச்சா?" காலையில் கேட்ட அதே சொற்கள், வகுப்பில் கேள்வி கேட்கிற குரல், கடைசியில் மட்டும் உடைந்தது. நீளமாகச் சொல்ல எனக்கு ஆயிரம் சொல் வந்து நின்றன. "தானா வந்துச்சு டீச்சர்." அவர் என்னையே பார்த்தார். "நிச்சயமா?" "நிச்சயமா. இறக்கத்துல கியர் தானாக் கழண்டிருக்கு. அவர் திரும்பத் திரும்பப் போடப் பாத்திருக்காரு. இங்க பாருங்க, இந்த வெட்டெல்லாம் அதுதான். கடைசிவரைக்கும் போட்டுப் பாத்திருக்காரு." அவர் கியரை வாங்கவில்லை, ஒரு விரலால் அந்தப் பற்களைத் தொட்டார், தொட்ட விரலைப் பார்த்தார். அப்புறம் அந்த முகத்தில் ஒன்று நடந்தது, நான் எதிர்பார்த்தே இருக்கவில்லை, அவர் சிரித்தார். அழுதுகொண்டே, ஆனால் சிரிப்புத்தான். "அதான், அதான்! அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம கும்பக்கரை அருவிக்குப் போனோம்ணே, வர்றப்ப எறக்கத்துல எடது கைய கியர்லேர்ந்து எடுக்கவே இல்ல. அது என்ன சாமியா, புடிச்சுக்கிட்டே வர்றீங்கன்னு நான்கூடத் திட்டுனேன். அப்பயே வெலகியிருக்கு, அவரு சொல்லல." நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், அவர் காதில் விழவில்லை, பையில் கைவிட்டுப் போனைத் தேடிக்கொண்டிருந்தார், சாப்பாட்டு டப்பா கீழே விழுந்தது, அதையும் எடுக்கவில்லை. "அபி? கிளாஸ்ல இருக்கியா? வெளிய வா. வெளிய வாடி. அப்பா பண்ணல. இல்லடி, அண்ணன் பிரிச்சுப் பாத்துட்டாரு, தானா கழண்டிருக்கு. திரும்பத் திரும்பப் போடப் பாத்திருக்காரு அப்பா. நம்மகிட்ட வரத்தாண்டி பாத்திருக்காரு." அந்தப் பக்கம் ஒரு சத்தம், பெண் குழந்தை அழுகிற சத்தமா, காலேஜ் வராந்தாவில் யாரோ ஓடுகிற சத்தமா தெரியவில்லை. டீச்சர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், போன் பிடித்த கையோடு. கும்பிட்டார். என் வாழ்நாளில் எனக்கு யாரும் செய்த மிகப் பெரிய அவமரியாதை அதுதான், அவருக்கு அது தெரியாது. பிறகு போனைக் காதில் வைத்துக் கேட்டார், ம் என்றார், ம் என்றார், என்னிடம் நீட்டினார். "எதனால கழண்டுச்சுன்னு கேக்கறா. நீங்களே சொல்லுங்கண்ணே. அவளுக்கு எதையும் விவரமாச் சொல்லணும், அப்பா மாதிரி."

போன் சூடாக இருந்தது. அந்தப் பக்கம் மூச்சு. "சொல்லுங்க மாமா," என்றது, அழுகை முடிந்து தெளிவாகிவிட்ட குரல். டீச்சர் சிரித்த முகத்தோடு எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார், நான் என்ன சொல்கிறேனோ அதைத் தானும் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி. "பல்லு தேஞ்சிருந்துச்சும்மா," என்றேன். "முன்னாலயே தேஞ்சிருந்துச்சு. அப்பாவும் பாத்துட்டு என்கிட்டக் கேட்டாரு. வண்டிய விட்டுட்டு பஸ்ல போறேன்னாரு. நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன்." கார் கதவுக்குப் பின்னால் பாய் அசைவது நின்றது. டீச்சரின் சிரிப்பு இன்னும் போகவில்லை, அது அங்கேயே தனியாக நின்றது, விஷயம் வந்து சேரும்வரை. அபி போனை வைத்துவிட்டாள் என்று நினைத்து, மாமா என்ற சொல்லுக்கு நான் தகுதியில்லாதவன் என்கிற ஒரு வாக்கியத்தை வேறு தயார் செய்துகொண்டிருந்தேன். "மாமா," என்றாள். "அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். எதையும் கழுவிடாதீங்க. நான் பஸ் ஏர்றேன்."